முதலாளி பெயர் இல்லாத சுவரொட்டிகள்

சுவரை உரிக்க மூன்று பேர் வந்தார்கள். பழைய நாடகக் கண்காட்சிக்குப் பொறுப்பான தாவோ லிங் என்ற பெண், அவளோடு இரண்டு ஆட்கள். ஆட்களில் ஒருவன் கொதிக்கும் கெட்டிலைத் தூக்கிப் பிடித்துச் சுவரில் ஆவி காட்டினான். இன்னொருவன் மூங்கில் பட்டையை நுழைத்து மெல்ல மெல்லக் காகிதத்தைக் கிளப்பினான். முதலில் இருபது வருஷத்துக்கு முந்தைய செய்தித்தாள்கள் வந்தன. அதற்குக் கீழே வந்தது சிவப்பு.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தொன்பது வயது. ஜுவாங் பொஹெங் என்றால் இன்று ஷாங்காயில் யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் அவர் வைத்திருந்த வசந்த மேடை நாடகக் கம்பெனி என்றால் ரிக்‌ஷாக்காரனுக்கும் தெரியும். 1938 முதல், 1952-ல் அரசாங்கம் கம்பெனியை எடுத்துக்கொள்ளும் வரை, இருபத்து மூன்று நாடகங்கள் போட்டார். நான் அந்தக் கம்பெனியின் உடுப்புப் பெட்டிக்காரி, நாடக உடுப்புகளைத் தைத்துப் பெட்டிகளில் அடுக்கிப் பார்த்துக்கொண்டவள். என் பெயர் கூய்டி. பதினெட்டு வயதில் சேர்ந்தேன். இப்போது அதே வீட்டில், அவருடைய அறைக்குக் கீழே மாடிப்படித் திருப்பத்தில் இருக்கிற சின்ன அறையில் குடியிருக்கிறேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி அறுபத்தொன்பதில் இறந்துவிட்டார். இரண்டு வேளைச் சாப்பாடு என் அடுப்பிலிருந்துதான் மேலே போகும்.

அறுபத்தாறில் கலாச்சாரப் புரட்சி வந்து, இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வீடு புகுந்து பழைய சாமான்களை எரித்துக்கொண்டிருந்தபோது, முதலாளி தன் சுவரொட்டிகளை எரிக்கவில்லை. கஞ்சிப்பசை காய்ச்சி, தன் அறைச் சுவரிலேயே ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒட்டினார். அதன் மேல் நாட்டுத் தலைவரின் படம் போட்ட செய்தித்தாள்களை ஒட்டினார். தலைவர் படத்தைக் கிழிக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? வந்தவர்கள் சுவரைப் பார்த்து மரியாதையாகத் திரும்பிப் போனார்கள்.

மத்தியானத்துக்குள் ஏழு சுவரொட்டிகள் வெளியே வந்துவிட்டன. தாவோ லிங் தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றையும் பார்த்தாள். முப்பது வயதுதான் இருக்கும். படித்த பெண், நல்ல பெண். நடிகர்களின் பெயர்கள் ஏன் இப்படித் தாறுமாறாக இருக்கின்றன என்று கேட்டாள்.

முதலாளிக்குக் குஷி வந்துவிட்டது. தாறுமாறு இல்லை என்றார். பெயரின் மூன்று எழுத்தும் படுக்கை வசத்தில் வரிசையாக இருந்தால் அந்த நடிகர் படுத்திருக்கிறார், அவர்தான் முதல் ஆள். மேலே ஒன்று கீழே இரண்டு என்று முக்கோணமாக இருந்தால் உட்கார்ந்திருக்கிறார், இரண்டாம் ஆள். ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தால் நிற்கிறார், மற்றவர்களில் ஒருவர்.

"நிக்கிறவன் உட்காரணும்னு அழுவான். உட்கார்ந்தவன் படுக்கணும்னு அழுவான்" என்றார் முதலாளி. "என் வாழ்க்கை பூரா இவங்களைப் படுக்க வைக்கிறதுலயே போச்சும்மா."

ஆட்கள் இருவரும் சிரித்தார்கள். தாவோ லிங்கும் சிரித்தாள். பிறகு அவள் கேட்டாள்: "உங்க பேர் எங்க இருக்கு, ஐயா?"

இருக்காது. எங்கள் தொழிலில் முதலாளியின் பெயரைச் சுவரொட்டியில் போடமாட்டார்கள். போட்டால் கொட்டகையில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று ஒரு பயம். படுத்தும் உட்கார்ந்தும் நின்றும் இருபது பெயர்கள் இருக்கும். மேளக்காரர் பெயர்கூட ஓரத்தில் இருக்கும். நாடகத்தைத் தேர்ந்தெடுத்து, ஆளைப் பிடித்து, கொட்டகையை அமர்த்தி, எல்லோருடைய அழுகையையும் துடைத்துவிட்டவன் பெயர் எங்கேயும் இருக்காது.

முதலாளி, கேட்கக் கூச்சப்படுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார். கண்காட்சியில் ஒவ்வொரு சுவரொட்டிக்கும் கீழே ஒரு அட்டை வைப்பார்களாமே, அதில் இன்னார் தயாரித்தது என்று ஒரு வரி போட முடியுமா? சுவரொட்டிகளுக்கு ஒன்றும் தர வேண்டாம். இருபத்து மூன்றையும் சும்மாவே எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு வரி போதும்.

"கண்டிப்பா போடலாம் ஐயா. அதுல என்ன இருக்கு" என்றாள் தாவோ லிங்.

அன்று சாயங்காலம் முதலாளி இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். பல வருஷங்களாக அவர் ஒரு கிண்ணத்துக்கு மேல் தொட்டதில்லை.

பத்து நாள் கழித்துத் தாவோ லிங் முகம் வாடி வந்தாள். மேலதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லையாம். அட்டையில் ஒருவர் பெயரை எழுத வேண்டுமானால் எழுத்து ஆதாரம் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் போட்டால் நாளைக்கு நாலு பேர் வந்து நானும்தான் முதலாளி என்பார்கள். ஒப்பந்தம், கடிதம், கொட்டகை ரசீது, எதுவாக இருந்தாலும் சரி. இந்த நாடகத்தை இவர் போட்டார் என்று ஒரு காகிதம்.

காகிதம் எங்கே இருக்கிறது? ஒப்பந்தங்களையெல்லாம் அறுபத்தாறில் முதலாளியும் மனைவியுமே இரண்டு நாள் உட்கார்ந்து அடுப்பில் போட்டுவிட்டார்கள். சுவரொட்டியில் அவர் பெயர் இல்லை என்பதால்தான் அதை ஒளித்து வைக்க அவருக்குத் தைரியம் வந்தது. பெயர் இருந்த காகிதம் ஒவ்வொன்றும் சாம்பலாகிவிட்டது. 1979-ல் அரசாங்கம் அவர் மேல் இருந்த குற்றங்களை நீக்கி ஒரு சான்றிதழ் கொடுத்தது. அதில் 'கொட்டகைத் துப்புரவுப் பணியாளர்' என்றுதான் இருக்கிறது. தண்டனையாக அவர் பார்த்த வேலை அதுதானே.

நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். ஒருவர் சாட்சி போதாது என்றாள் தாவோ லிங். கம்பெனி ஆட்கள் வேறு யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"மேளக்கார லுவோ இருந்தான்" என்றார் முதலாளி. "போன குளிர்காலத்துல செத்துட்டான். அவன் உசுரோட இருந்தாலும் அவன்கிட்ட போய் நிக்கமாட்டேன்."

தாவோ லிங் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். அறுபத்தேழில் எங்கள் பழைய கொட்டகை வாசலில் அவரைக் கண்டித்து ஒரு பெரிய எழுத்துச் சுவரொட்டி ஏறியது. ஒன்பது தாள் நீளம். அந்த ஒன்றில் மட்டும் அவர் பெயர் எல்லோருக்கும் மேலே இருந்தது. தலைகீழாக எழுதி, குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். அவர் போட்ட இருபத்து மூன்று நாடகங்களும் இருபத்து மூன்று குற்றங்களாக அதில் இருந்தன. அடியில் எழுதியவர் பெயர் கிடையாது, 'புரட்சித் தொழிலாளி ஒருவர்' என்றுதான் இருந்தது. ஐந்து மாதம் தினமும் காலையில் அதன் முன்னால் அவரைக் குனிய வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொன்னார்கள். தப்பு வந்தால் அடி. பிறகு தண்டனைப் பண்ணைக்கு அனுப்பினார்கள். ஏழு வருஷம். மனைவி செத்த செய்தி இரண்டு மாதம் கழித்துத்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

அதை எழுதியது லுவோதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கம்பெனியில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை இருந்தவன் அவன். தாளத்தை ஏன் இவ்வளவு வேகமாக ஓட்டுகிறாய் என்று முதலாளி அவனை எல்லோர் முன்னாலும் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். எழுபத்தொன்பதில் லுவோ ஒரு குப்பி மஞ்சள் மது வாங்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தான். நான் எழுதலை அண்ணே, சத்தியமா எழுதலை என்று மூடிய கதவிடம் சொன்னான். முதலாளி கதவைத் திறக்கவில்லை. லுவோ குப்பியை வாசலில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். போகும்போது மாடிப்படியில் என்னைப் பார்த்தான். நான் காய்கறிக் கூடையோடு ஒதுங்கி வழிவிட்டேன்.

வழிவிட்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. எழுதியது நான்.

சாக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். என் அண்ணன் எதிரிப் பக்கமான தைவானில் இருந்தான். கொட்டகைப் புரட்சிக்குழுத் தலைவனுக்கு அது தெரியும். ஒரு கட்டுக் காகிதமும் தூரிகையும் கொடுத்து, "நீ அவனைப் பத்தி எழுதுறியா, இல்ல நாங்க உன்னைப் பத்தி எழுதணுமா?" என்று கேட்டான். என் பையன் அப்போதுதான் ஆலையில் சேர்ந்திருந்தான். நான் எழுதினேன். பொத்தாம்பொதுவாக எழுதியதை அவன் கிழித்துப் போட்டான். நாடகத்தின் பெயர், வருஷம், எத்தனை வாரம் ஓடியது, யார் நடித்தார்கள், எல்லாம் வேண்டும் என்றான். எனக்கு அதெல்லாம் தெரியும். ஒவ்வொரு நாடகத்தின் உடுப்பும் எந்தப் பெட்டியில், எந்த மடிப்பில் இருந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். அவன் சில வரிகளை அடித்தான். வேறு ஒருவன் நல்ல கையெழுத்தில் பெரிதாக எழுதி ஒட்டினான். என் கைப்பிரதி என்னிடமே தங்கிவிட்டது.

ஏன் எரிக்கவில்லை என்று கேட்பீர்கள். எரிக்கத்தான் எடுத்தேன், பல தடவை. ஆனால் வசந்த மேடைக் கம்பெனி போட்ட இருபத்து மூன்று நாடகங்களும் ஒன்றாக இருந்த காகிதம் உலகத்தில் அது ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் அடுப்பு வரை கொண்டுபோய், வாசித்துவிட்டு, திரும்ப வைத்துவிடுவேன்.

தாவோ லிங் வந்து போனதிலிருந்து முதலாளி சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். உரித்த சுவர், வெறும் சுண்ணாம்பு. சாப்பாட்டைத் தொடவில்லை. நாலாம் நாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது சொன்னார்.

"நான் செத்தா என்னைப் பத்தி என்ன இருக்கும், சொல்லு கூய்டி? கக்கூஸ் கழுவினான்னு அரசாங்க முத்திரையோட ஒரு காகிதம். அவ்வளவுதான் இருக்கும்."

நான் கஞ்சியை வைத்துவிட்டுக் கீழே வந்தேன். அரிசிப் பானைக்கு அடியிலிருந்து அந்தத் தாள்களை எடுத்தேன். பஸ் ஏறித் தாவோ லிங்கின் அலுவலகத்துக்குப் போனேன்.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இது ஆதாரம் ஆகுமா என்று கேட்டேன். தேதியும் பெயரும் இருக்கிறது, அந்தக் காலத்துக் காகிதம், கண்டிப்பாக ஆகும் என்றாள்.

"அவருக்குத் தெரியக் கூடாதும்மா. எங்கிருந்து கிடைச்சதுன்னு சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன் அத்தை. திட்டினதெல்லாம் எடுத்துட்டு, நாடகப் பட்டியலை மட்டும் தட்டச்சு பண்ணிக்கிறேன். பழைய ஆவணத்துல கிடைச்சதுன்னு சொல்லிடுறேன்."

வாக்கை அவள் காப்பாற்றினாள். அதில் அவள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அடுத்த வாரமே தட்டச்சுப் பட்டியலோடு வந்துவிட்டாள். மேலதிகாரிகள் ஒத்துக்கொண்டார்கள். இருபத்து மூன்று அட்டையிலும் 'தயாரிப்பாளர்: ஜுவாங் பொஹெங்' என்று வரும். ஒரே ஒரு வேலைதான் பாக்கி. பட்டியல் சரிதான் என்று முதலாளி தன் பெயர் முத்திரையைப் பதிக்க வேண்டும். அச்சுக்கூடம் காத்திருக்கிறது, மத்தியானத்துக்குள் கொண்டுபோக வேண்டும்.

முதலாளி முத்திரைக் கல்லை எடுத்துவரச் சொன்னார். சிவப்பு மைக் கிண்ணத்தைத் தானே திறந்தார். என்னைப் பார்த்து, "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற? விருந்தாளி வந்திருக்கு, நல்ல தேயிலையை எடு. எனக்கும் ஒரு கோப்பை கொடு" என்றார். அப்படி அவர் என்னை அதட்டி எவ்வளவு வருஷம் ஆகிறது. நான் சிரித்தபடி வெந்நீர் ஊற்றினேன். கொஞ்ச நேரம், ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரம், நான் செய்தது எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

எழுத்து பொடியாக இருந்ததால் தாவோ லிங்கையே வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள்.

"ஒண்ணு. பனிப்பாலம், 1941, ஆறு வாரம்."

முதலாளி கண்ணை மூடித் தலையாட்டினார்.

"ரெண்டு. வெள்ளிக் குளத்து மருமகள், 1938, நாலு வாரம். மூணு..."

"மூணு, மஞ்சள் குதிரை, நாற்பத்தஞ்சு" என்றார் முதலாளி. "நாலு, அரசன் திரும்பிய ஊர், முப்பத்தொன்பது. அஞ்சு, ஏழு விளக்கு மண்டபம், அம்பது."

தாவோ லிங் வியந்துபோனாள். என்ன ஞாபகசக்தி ஐயா உங்களுக்கு என்றாள். எனக்குக் கையிலிருந்த கெட்டில் கனத்தது. அவர் வருஷ வரிசையில் சொல்லவில்லை. பட்டியலும் வருஷ வரிசையில் இல்லை. அதை எழுதிய மூன்று நாளும் எனக்குப் பெட்டிகள்தான் ஞாபகத்தில் வந்தன. முதல் பெட்டியில் இருந்தவை முதலில், இரண்டாம் பெட்டியில் இருந்தவை அடுத்து என்று எழுதிக்கொண்டே போயிருந்தேன். தாவோ லிங் மூலத்தில் இருந்த வரிசையை மாற்றாமல் தட்டச்சு செய்திருந்தாள். ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

முதலாளி நிறுத்தவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று ஒப்பித்துக்கொண்டே போனார். அவர் குரல் மாறியிருந்தது. முதுகு தானாகக் குனிந்திருந்தது. அவர் எதை ஒப்பிக்கிறார் என்று பத்தாவதில்தான் தாவோ லிங்குக்கும் புரிந்தது. அவள் பட்டியலைக் கீழே இறக்கினாள்.

"மேல படிங்க" என்றார் முதலாளி. "இது எங்க கிடைச்சதுன்னு எனக்குத் தெரியும். கொட்டகை வாசல்ல இருந்தது. அஞ்சு மாசம் ஒப்பிச்சிருக்கேன். ஆதாரம்தானே? இருக்கட்டும், லுவோ எழுதினதுக்கு இப்பவாவது ஒரு பிரயோஜனம் வந்ததே. படிங்க."

அதோடு முடிந்திருக்கலாம். அவர் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். கசப்போடு சிரித்தார், ஆனால் சிரித்தார். தாவோ லிங் நிம்மதியில் வேகமாக வாசித்தாள். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.

"பதினாலு. இரட்டை வாள் ராணி, 1947, ஒன்பது வாரம். குறிப்பு: கதாநாயகி ஃபங் யுஷுவாங் ஐந்து மாத கர்ப்பம். கவசத்தின் இடுப்பு உள்பக்கமாகப் பிரித்து விரிக்கப்பட்டது."

முத்திரை அவர் கையில் நின்றது.

"இது அதுல இல்லையே" என்றார்.

இல்லைதான். என் கைப்பிரதியில் இருந்தது. அந்தரங்க விஷயம், புரட்சிக்கு உதவாது என்று குழுத்தலைவன் அந்த வரியை மெல்லிய கோடாக அடித்திருந்தான். அடித்த கோட்டுக்கு அடியில் எழுத்து நன்றாகத் தெரியும். தாவோ லிங்குக்கு அது நாடக வரலாற்றில் ஒரு சுவாரசியமான தகவல். விடக் கூடாது என்று சேர்த்துவிட்டாள்.

யுஷுவாங் எங்கள் முதல் நட்சத்திரம். எங்கள் சுவரொட்டிகளில் ஆறு வருஷம் படுத்திருந்தவள். வயிற்றில் பிள்ளையோடு அந்த வேஷத்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று முதலாளியின் காலைப் பிடித்து அழுதாள். அவர் முடியாது என்றார். இரண்டு நாள் அழுதாள். கடைசியில் குட்டிக்கரண அடிகளையெல்லாம் எடுத்துவிட்டு, யாருக்கும் தெரியக் கூடாது என்று மூன்று பேரும் சத்தியம் செய்துகொண்டோம். அவள், அவர், கவசத்தைப் பிரித்துத் தைத்த நான். அவள் 1953-லேயே காசநோயில் செத்துப்போனாள்.

முதலாளி தாவோ லிங்கைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"பெட்டி வரிசை" என்றார். "அப்பவே தெரிஞ்சிருக்கணும். முதல் பெட்டி, ரெண்டாம் பெட்டி. மேளக்காரனுக்குப் பெட்டி வரிசை எப்படித் தெரியும்? தினமும் ஒப்பிச்சேன், ஒரு நாள்கூட எனக்கு உறைக்கலை."

நான் என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். பையனைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். சொல்லி முடித்ததும் தலையை அசைத்தார்.

"எழுதினது தப்பில்ல. எல்லாரும் எழுதினாங்க. என் பொண்டாட்டியவே எழுதச் சொன்னாங்க. உன் இடத்துல நானும் எழுதியிருப்பேன்" என்றார். "லுவோ வந்தானே, எழுபத்தொன்பதுல. வாசல்ல நின்னு சத்தியம் பண்ணினானே. அப்ப நீ படியில நின்னியே."

"நின்னேன்."

"அதுக்கப்புறம் ஏழு வருஷம் இருந்தான். போன குளிர்காலத்துல சாவுக்கு வரச் சொல்லி ஆள் விட்டாங்க. அன்னைக்கு நீதான் எனக்கு நூடுல்ஸ் வெச்சுக் கொடுத்த. மழை, போகாதீங்க முதலாளின்னு சொன்ன."

கையிலிருந்த கெட்டிலை நான் கீழே வைத்தேன்.

தாவோ லிங் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அந்தக் குறிப்பை எடுத்துவிடுகிறேன், வரிசையையும் மாற்றிவிடுகிறேன், முத்திரை மட்டும் வைத்துக்கொடுங்கள் ஐயா, உங்கள் பெயர் வரட்டும் என்று கெஞ்சினாள். பன்னிரண்டு மணிக்கு இன்னும் அரை மணி இருந்தது. நானும் கெஞ்சினேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பெயரை விட்டுவிடாதீர்கள் என்றேன்.

முதலாளி முத்திரையை மைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிண்ணத்தை மூடினார்.

"இந்தப் பட்டியல் உண்மைதான்மா. ஒரு தப்பும் இல்ல" என்று தாவோ லிங்கிடம் சொன்னார். "ஆனா இதுக்குக் கீழே முத்திரை வெச்சா, லுவோ கதவுக்கு வெளியே நின்னதும் சரின்னு ஆயிடும். எனக்கு அவ்வளவு பெரிய பேர் வேணாம்."

தாவோ லிங் பட்டியலை மடித்துக்கொண்டு போனாள். அவள் செருப்புச் சத்தம் சந்து முனை வரை கேட்டது.

கண்காட்சி மே மாதம் திறந்தது. நான் தனியாகப் போனேன். பெரிய மண்டபம், நல்ல வெளிச்சம். இருபத்து மூன்று சுவரொட்டிகளும் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாக இருந்தன. படுத்தவர்கள் படுத்திருந்தார்கள், நின்றவர்கள் நின்றிருந்தார்கள். ஓரத்தில் லுவோவின் பெயரும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே அட்டை: 'தயாரிப்பாளர்: தெரியவில்லை.' ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் தன் மாணவர்களிடம், அந்தக் காலத்தில் நடிகர்களே கூடிக் கம்பெனி நடத்துவார்கள், முதலாளி என்று ஒருவன் தேவைப்படவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. என்னிடம் ஆதாரம் கேட்டால் எதைக் காட்டுவது?

வீட்டில் இப்போது முதலாளி தானே சமைக்கிறார். கரி அடுப்பை மாடிக்கு ஏற்றிக்கொண்டார். முதல் நாட்களில் நான் கொண்டுபோன கிண்ணங்கள் கதவுக்கு வெளியே வைத்தபடியே இருந்தன. பிறகு கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். மாடியில் அவர் இருமுவதும், சோறு கருகுவதும் எனக்குத் தெரியும்.

கண்காட்சி முடிந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அறைக் கதவைத் தட்டினார். கழுத்து வரை பொத்தான் போட்ட நீலச் சட்டை, தலை படிய வாரியிருந்தார். கையில் ஒரு பழப் பை. மேளக்கார லுவோவின் சம்சாரம் இருக்கிற விலாசம் வேண்டும் என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். நானும் வருகிறேன், அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் என் வாயால் சொல்கிறேன் என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மரியாதையாக, பஸ்ஸில் இடம் கொடுத்தவர்களுக்குச் சொல்கிற குரலில் சொன்னார்.

"வேணாங்க. நீங்க சிரமப்படாதீங்க."

நாற்பத்தெட்டு வருஷத்தில் அவர் என்னை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வேறு மாதிரி சொல்லவே இல்லை.